தூண்டிற்கோலைத் தெரிவு செய்தல்

தூண்டில் போடுவதைப் பற்றி வானொலியிற் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கம்பு ஒன்று, நூல் ஒன்று, முள் ஒன்று, முள்ளிலே ஓர் இரை, இவ்வளவுதானே என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். லிங்கநகரில் என் அயலிலே வாழும் பெரியவர் ஒருவருக்குக் கோல் தேடப் புறப்பட்ட பிறகுதான், அந்தக் கம்பைத் தெரிவு செய்வதில் எவ்வளவு சிந்திக்க வேண்டியிருக்கிறது என்பதை உணர்ந்தேன். அத்தேடலிற் கற்றவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தைக் கேள்விப்படாதவர் நம் நாட்டில் இலர். கொட்டியாரக்குடாவின் வடபுறத்தே, குன்றுகளும் முனைகளும் அரணாகச் சூழ்ந்து நிற்க, நிலத்தினுள் ஒதுங்கிக் கிடக்கிறது உள்துறைமுகம். வாடைக்காற்று வெளிக்கடலைக் கலக்கும் மாதங்களிலும் இதனுள்ளே நீர் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டு வரையில் இக்கடலில் மீன்பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் பல இருந்தன. இன்றும் கடற்படைக்கும் துறைமுகத்துக்கும் உரிய எல்லைகள் உண்டு. அவற்றை அறிந்து விலகி நிற்றல் வேண்டும். எஞ்சிய கரைகளில், வெயில் தாழ்ந்த வேளையில், கற்களின் மீது கைத்தூண்டிலுடன் அமர்ந்திருப்போரைக் காணலாம். சிறு பாரை, விளைமீன், செப்பலி, இளங்கலவாய் முதலியன அவர்களுக்குக் கிடைக்கும். பெரும்பாலும் அது சந்தைக்குப் போகும் மீன் அன்று. அன்றிரவு வீட்டுக் கறிச்சட்டிக்குப் போகும் மீன்.

கைத்தூண்டிலுக்குக் கோல் வேண்டியதில்லை. தங்கூசியைச் சுட்டுவிரலின் மேல் ஓடவிட்டுக் காத்திருப்பர். விரல் நுனியே அங்கே கருவி. ஈயம் மணலில் அமர்ந்ததா, பாறையில் உரசியதா, சிறுமீன் இரையைக் கொறிக்கிறதா, நல்ல மீன் ஒன்று இரையை வாயில் எடுத்துக்கொண்டு அசையாது நிற்கிறதா என்பன எல்லாவற்றையும் விரல் சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இவற்றைப் பிரித்தறியக்கூடிய விரல்கள் அந்தக் கரையில் பல உண்டு.

நான் குறிப்பிட்ட பெரியவரும் அத்தகைய விரல் படைத்தவரே. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அக்கரையில் தூண்டில் போட்டு வந்தார். ஆனால் நீரிழிவு நோய் அவரை நெடுங்காலமாகப் பற்றியிருந்தது. அந்நோய் முற்றினால் நரம்புகளைத் தாக்கும். முதலிற் பாதங்களும் பின்னர் கைவிரல்களும் மரத்துப்போதல் உண்டு. அவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. மீன் கொத்துவதை விரல் சொல்வது நின்றுபோயிற்று. அதனிலும் கொடிது, தங்கூசி விரலை அறுத்ததையும் அவர் அறியவில்லை. வீட்டிற்கு வந்து, உடையிற் படிந்த இரத்தத்தைக் கண்ட பிறகே அறிந்தார். நீரிழிவுக்காரருக்குச் சிறு காயமும் ஆறாப் புண்ணாக மாறக்கூடும் என்பதை நேயர்கள் அறிவீர்கள். வீட்டார் தூண்டிலை எடுத்து மறைத்து வைத்தனர். மாலை வேளைகளில் அவர் வாசற்படியில் வெறுமனே அமர்ந்திருப்பதைப் பலநாள் கண்டிருக்கிறேன்.

இச்செய்தி ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மருமகனுக்கு எட்டியது. “மாமாவுக்குக் கோல் ஒன்று அனுப்புகிறேன், கையில் தங்கூசி படாது” என்று அவர் சொல்லி, அவ்வாறே அனுப்பியும் வைத்தார். விலையுயர்ந்த கோல், பன்னிரண்டு அடி நீளம், கைப்பிடி பருத்தது. நூறு முதல் இருநூறு கிராம் வரையான ஈயத்தை அலைக்கு அப்பால் எறிவதற்கென்று செய்யப்பட்டது. அதனை எடுத்துக்கொண்டு நானும் பெரியவரும் கரைக்குச் சென்றோம். அவர் வழமையாகப் போடும் சிறு ஈயத்தைக் கட்டி எறிந்தார். அது காலடியிலேயே விழுந்தது. மீண்டும் எறிந்தார், மீண்டும் அவ்வாறே. சற்றுத் தள்ளி, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வெறுங்கைத் தூண்டிலால் மூன்று மீன் எடுத்துவிட்டான். பெரியவர் கோலைக் கற்களின் மேல் மெல்லக் கிடத்திவிட்டு, “தம்பி, இது வள்ளம் கட்டுகிற முளை” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆயினும் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

நல்ல கோல், நல்ல மனத்தோடு அனுப்பிய கோல்; அது ஏன் பயன்படவில்லை? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தூண்டிற்கோல் என்பது ஒரு வில்லைப் போன்றது. நாம் எறியும்போது, நுனியிலுள்ள பாரம் கோலைப் பின்புறமாக வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும் வேகமே பாரத்தை முன்னே வீசுகிறது. இருநூறு கிராம் பாரத்துக்கென்று செய்த கோலை ஐந்து கிராம் ஈயம் வளைக்க முடியாது. வளையாத வில் அம்பை எய்யாது. மீன் கொத்தும்போதும் இதே கதைதான். கையளவு விளைமீன் இரையை இழுக்கும் இழுவை, பருத்த நுனியை அசைக்கவே போதாது. ஆதலால் கையும் அறியவில்லை, கண்ணும் அறியவில்லை.

இங்கே நாம் செய்யும் தவறு யாதெனில், கோலின் வலிமையை முதலிற் பார்ப்பதே. கடைக்குச் சென்றதும் கோலை எடுத்து அசைத்து, “இது முறியாதா?” என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. வரிசையை மாற்றிச் சிந்திக்க வேண்டும். முதலில் மீன்; அந்த மீன் எடுக்கும் இரை; அந்த இரையைச் சுமக்கும் ஈயம்; அந்த ஈயத்துக்கேற்ற தங்கூசி; அத்தங்கூசிக்கு ஏற்ற கோல். கோல் கடைசியில் வருவது. உடுப்பவரை அளந்த பின்னர் சட்டை தைப்பதுபோல, நீரையும் மீனையும் அளந்த பின்னரே கோலைத் தெரிவு செய்தல் வேண்டும்.

இம்முறையை நுணுக்கமாக வளர்த்தவர்கள் அமெரிக்கரும் யப்பானியரும் ஆவர். வட அமெரிக்க ஏரிகளில் ‘பாஸ்’ என்றொரு நன்னீர் மீன் உண்டு. 1925ஆம் ஆண்டில் அதனை யப்பானின் ஆஷி ஏரியில் விட்டனர். காலப்போக்கில் இரு நாடுகளிலும் அதனைத் தூண்டிலிற் பிடிப்போர் பெருகினர். ஓயாது தூண்டில் விழும் தெளிந்த நீரில் மீன் எச்சரிக்கை அடைந்தது. பருத்த நூலையும் பெரிய பொய்யிரையையும் கண்டு விலகிற்று. ஆகவே மெல்லிய நூல், சுண்டுவிரல் நீளமுள்ள மெத்தென்ற பொய்யிரை, சில கிராம் ஈயம், இவற்றுக்கு இசைந்த நொய்ய கோல் என்னும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். வலிமையினால் அன்றி நயத்தினாற் பிடிக்கும் முறை அது. ஈயத்தை நூலின் அடியிற் கட்டி, முள்ளை அதற்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, இரையை நின்ற இடத்திலேயே நடுங்கச் செய்தல் அம்முறைகளுள் ஒன்று. அடியில் ஈயமும் மேலே முள்ளும் கட்டுவது நமது கைத்தூண்டிற்காரருக்கும் புதியதன்று.

இன்னொரு செய்தியையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். அந்தப் பாஸ் மீன் யப்பானின் சொந்த மீன்களை உண்டு அழித்தமையால், 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதனைத் தீங்கு விளைக்கும் அயல்மீன் என்று அறிவித்தது. ஆகவே அவர்களிடம் முறையைக் கற்போம். மீனைக் கொண்டுவர வேண்டாம். நமது களப்பு முகங்களில் கொடுவா இருக்கிறது. உள்துறையில் பாரையும் செப்பலியும் இருக்கின்றன. நயமான தூண்டிலுக்கு இவை போதும்.

இனி, கோலின் இயல்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வலு. எவ்வளவு பாரத்துக்குக் கோல் வளையும் என்பதே வலு. கோலின் அடிப்பகுதியில் சில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். யூ.எல். என்றால் மிக மெல்லியது; எல். என்றால் மெல்லியது, எம்.எல். என்றால் மெல்லியதற்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது; எம். என்றால் நடுத்தரம். இவ்வெழுத்துக்கள் எல்லா உற்பத்தியாளருக்கும் ஒரே அளவினைக் குறிப்பன அல்ல. ஒருவரது மெல்லிய கோல் மற்றொருவரது நடுத்தரக் கோலாக இருத்தல் கூடும். ஆதலின் எழுத்தை நம்பாமல் அதன் அருகேயுள்ள எண்ணைப் பாருங்கள். எறியத்தக்க பாரம் கிராமிலோ அவுன்சிலோ எழுதப்பட்டிருக்கும். ஓர் அவுன்சு ஏறத்தாழ 28 கிராம். கால் அவுன்சு 7 கிராம். உள்துறைக் கரையிற் சிறு மீன்களுக்கு நாம் போடுவது 3 முதல் 10 கிராம். அந்த அளவு, கோலில் எழுதிய எல்லையின் நடுப்பகுதியில் அமைதல் நன்று; விளிம்பில் அமைதல் நன்றன்று.

இரண்டாவது, வளைவு. வலுவும் வளைவும் ஒன்றெனப் பலர் மயங்குவர். வலு என்பது எவ்வளவு பாரத்துக்கு வளையும் என்பது. வளைவு என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. நுனியின் மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோ வளைந்து, எஞ்சிய பகுதி நிமிர்ந்து நிற்பதை விரைவளைவு என்போம். இடுப்பு வரை வளைவது நடுவளைவு. அடிவரை பிரம்பு போல் வளைவது மெதுவளைவு. கீழே நீரினுள் நடப்பதை உணர்வதற்கும், மீன் கொத்தியதும் முள்ளை ஏற்றுவதற்கும் விரைவளைவு ஏற்றது. ஆனால் நுனி மட்டும் மெல்லியதாய் இருக்கவேண்டும். நுனி அசைந்து செய்தி சொல்லும். நடுப்பகுதி மீனைத் தாங்கும். இவ்விரண்டு வேலைகளையும் ஒரே கோல் செய்தலே நயத்தூண்டிலின் மறைபொருள்.

மூன்றாவது, நீளம். கரையிலும் கற்களின் மேலும் நிற்போருக்கு ஆறரை அடி முதல் ஏழரை அடி வரை பொருந்தும். அதனினும் குறுகினால் தங்கூசி கற்களில் உரசும். வள்ளத்தில் இருப்போருக்கு ஆறு அடி சாலும். கோல் நீளும்தோறும் எறியும் தூரம் கூடும் என்பது உண்மையே. ஆயினும் நீண்ட கோல் நமக்கு மட்டும் நெம்புகோல் அன்று. மறுமுனையிலிருந்து இழுக்கும் மீனுக்கும் அது நெம்புகோல் ஆகும். நீளம் கூடக்கூட மணிக்கட்டுக்கு நோவும் கூடும். முதியோர் இதனை மறத்தலாகாது.

நான்காவது, எப்பொருளாற் செய்தது என்பது. நம் பாட்டன்மார் மூங்கிலை வெட்டி நெருப்பில் வாட்டி நிமிர்த்திக் கோலாக்கினர். மேலைநாட்டார் மூங்கிலைக் கீற்றுக்களாகப் பிளந்து, அறுகோணமாக ஒட்டிக் கோல் செய்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கண்ணாடி நாரினாலான கோல் வந்தது. 1970களில் காபன் நாரினாலான கோல் கடைகளுக்கு வந்தது. கண்ணாடி நார்க் கோல் சற்றுப் பாரமானது. செய்தியை மெதுவாகச் சொல்வது. ஆனால் அடியும் உதையும் தாங்குவது. காபன் கோல் இலேசானது, விறைப்பானது; நீரின் அடியில் நிகழும் சிறு தட்டலையும் கைக்குக் கொண்டுவருவது. ஆனால் கல்லில் மோதினாலோ, கதவிடுக்கில் அகப்பட்டாலோ, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாகி, பிறிதொரு நாள் மீன் இழுக்கும்போது முறியும். சிறுவர்களுக்குக் கண்ணாடி நார். உணர்வை நாடுவோருக்குக் காபன். இரண்டையும் கலந்து செய்தவையும் உண்டு.

காபன் கோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காபன் மின்சாரத்தைக் கடத்தும். சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழை நமது பகுதிக்கு வழமையானது. தொலைவில் இடி முழங்கும்போதே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு அகலுங்கள். மின்கம்பிகளுக்குக் கீழே கோலை உயர்த்திப் பிடித்து நடவாதீர்கள். எந்த மீனும் உயிருக்கு ஈடாகாது.

இனித் தங்கூசிக்கு வருவோம். மெல்லிய கோலுக்குப் பருத்த தங்கூசி போட்டால், கோல் தங்கூசிக்கு முன்னே முறியும். பருத்த கோலுக்கு மெல்லிய தங்கூசி போட்டால், கோல் வளைந்து கொடாமையால் தங்கூசி அறும். அறுந்தால் முள்ளோடும் ஈயத்தோடும் மீன் போய்விடும். நமக்கும் இல்லை, அதற்கும் நலம் இல்லை. 3 முதல் 10 கிராம் பாரத்துக்குரிய கோலுக்கு 6 முதல் 8 இறாத்தல் வலுவுள்ள நைலோன் தங்கூசி போதும். அதாவது ஏறத்தாழ மூன்று முதல் மூன்றரைக் கிலோகிராம் இழுவையைத் தாங்குவது. நைலோன் இழுபடும் இயல்பினது. அதனால் மீனின் திடீர் இழுவையைப் பொறுக்கும். ஆனால் மெல்லிய தட்டலை இடையிலேயே விழுங்கிவிடும். பின்னல் நூல் என்று ஒன்று இப்பொழுது கிடைக்கிறது. அது ஏறத்தாழ இழுபடுவதே இல்லை. அதே வலுவுக்கு நைலோனை விட மிக மெல்லியது. நீரின் அடியில் நிகழ்வதை உடனே நுனிக்குக் கொண்டுவரும். ஆனால் கல்லில் உரசினால் எளிதில் அறும். ஆதலால் அதன் முனையில் ஒரு மீற்றர் நீளத்துக்குச் சற்றுப் பருத்த தங்கூசியைத் தொடுத்துக் கட்டுதல் வேண்டும். பின்னல் நூலை ஒருபோதும் கையிற் சுற்றி இழுக்காதீர்கள். கத்தியைப் போல் அறுக்கும்.

கொடுவாவை நாடிக் களப்பு முகத்துக்குச் செல்வோர் இன்னொன்றையும் கருதவேண்டும். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கூரியது. அது தலையை உதறும்போது மெல்லிய தங்கூசியை அறுத்துவிடும். அதற்கு 20 முதல் 30 இறாத்தல் வலுவுள்ள முனைத் தங்கூசியும், எம். என்று பொறித்த கோலும் வேண்டும். மேலும், கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதலிற் பருவம் அடைந்து, வளர்ந்த பின்னர் பெண்ணாக மாறுகிறது. ஆதலின் மிகப் பெரிய கொடுவா ஒன்று அகப்பட்டால், அது பெரும்பாலும் முட்டையிடும் தாய் என்று கொள்ளலாம். கறிக்கு நடுத்தர மீன் போதும் என்று எண்ணுபவர் தாயை நீருக்கே திருப்பி விடலாம். வெடி வைத்து மீன் பிடிப்போர் தாயையும் குஞ்சையும் ஒருசேரக் கொல்கின்றனர். அது சட்டத்தாலும் தடுக்கப்பட்டது. தூண்டிற்காரனுக்கோ ஒவ்வொரு மீனையும் கண்ணாற் பார்த்து, வைப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

மெல்லிய கோலால் பெரிய மீன் அகப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கே றீலின் பிடி உதவும். மீன் வலிந்து இழுக்கும்போது தங்கூசி நழுவி ஓடுமாறு அப்பிடியைத் தளர்த்தி வைக்கவேண்டும். தங்கூசி தாங்கும் பாரத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்பது அளவு. 8 இறாத்தல் தங்கூசிக்கு இது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் ஆகும். ஒரு லீற்றர் நீர் நிறைந்த போத்தலைத் தங்கூசியிற் கட்டி, கோலின் வளையங்களில் நுழைக்காது றீலிலிருந்து நேரே தொங்கவிடுங்கள். போத்தல் மெல்ல நழுவி இறங்கினால் பிடி சரி. மீனோடு போராடும்போது கோலைத் தலைக்குப் பின்னால் நிமிர்த்தி இழுக்கக் கூடாது. அவ்வாறு செய்தால் பாரம் முழுவதும் நுனியில் விழுந்து, நுனி முறியும். கோல்கள் பல மீனால் முறிவன அல்ல, இச்செயலாலேயே முறிவன.

கடையிற் கோலைப் பரிசோதிக்கும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில், கோலைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். வளையங்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். இரண்டாவதாக, சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்தும் தேய்த்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டிக்கொள்ளும். அந்த வெடிப்பே நாளைக்குத் தங்கூசியை அறுக்கும். மூன்றாவதாக, பொருத்து அசைகிறதா என்று பாருங்கள். நான்காவதாக, உங்கள் றீலைக் கொண்டு சென்று கோலில் மாட்டி, கைப்பிடிக்குச் சற்று முன்னே ஒரு விரலின் மீது நிறுத்திப் பாருங்கள். தராசு போல் நின்றால் நன்று. நுனி கீழே தாழ்ந்தால், ஒரு மணி நேரத்தில் உங்கள் மணிக்கட்டு அதனைச் சொல்லும். இறுதியாக, ஒருவரை நுனியை மெல்லப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் அடியைப் பிடியுங்கள். அவர் நகத்தால் நுனியைத் தட்டுவது உங்கள் கைக்கு எட்டுகிறதா? எட்டினால் அந்தக் கோல் பேசும் கோல்.

இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான் பெரியவரிடம் செய்து பார்த்தோம். பட்டினத்துக் கடையொன்றில் ஏழு அடி நீளமான, எல். என்று பொறித்த காபன் கோல் ஒன்று இருந்தது. நான் நுனியைத் தட்டினேன். அவர் தலையை அசைத்து, “ஒன்றும் தெரியவில்லை, தம்பி” என்றார். மரத்த விரலுக்கு அந்தக் கோலும் பேசவில்லை. திரும்பிவிடலாம் என்று எண்ணினேன். அப்பொழுது கடைக்காரர் குறுக்கிட்டு, “ஐயா, விரலால் பிடியாதீர்கள். அடிக்கட்டையை முழங்கையின் கீழே அணைத்துப் பிடியுங்கள்” என்றார். பெரியவர் கைப்பிடியின் அடியை முன்கையின் உட்புறத்தே அணைத்துக்கொண்டார். நான் மீண்டும் தட்டினேன். அவர் பேசவில்லை. “இன்னும் ஒருமுறை தட்டு” என்றார். தட்டினேன். “இப்பொழுது இரண்டு முறை” என்றார். முன்கை மரத்துப்போகவில்லை என்பதை நானும் அவரும் அங்கேதான் அறிந்தோம்.

அன்று மாலை கரைக்குச் சென்றோம். மஞ்சள் நிறப் பின்னல் நூல்; முனையில் ஒரு மீற்றர் தங்கூசி; ஏழு கிராம் ஈயம்; இறால் துண்டு ஒன்று. முதல் எறிதலிலேயே ஈயம் அவர் நினைத்த இடத்தில் விழுந்தது. நூலின் மஞ்சள் நிறத்தைக் கண் பின்தொடர்ந்தது. சிறிது நேரத்தில் கோலின் நுனி மெல்ல நடுங்கிற்று. “விளைமீன். கொறிக்கிறது. பொறு” என்றார். எனக்கன்று, தமக்கே சொல்லிக்கொண்டார். பின்னர் நுனி ஒருமுறை ஆழ வளைந்தது. அவர் கையை உயர்த்தினார். அந்த விளைமீன் ஓர் அடிக்கும் குறைவானதே. ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது அவருடைய நடையில் இருந்த மிடுக்கை நான் பல மாதங்களாகக் கண்டதில்லை.

அவரைப் போன்ற நிலையிலுள்ள நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றக் குறட்டைப் பயன்படுத்துங்கள், விரலை விடாதீர்கள். கற்களிற் சிப்பிகள் கூராக ஒட்டியிருக்கும், வெறுங்காலுடன் ஏறாதீர்கள். வீடு திரும்பியதும் கைகளையும் பாதங்களையும் வெளிச்சத்திற் பார்த்து, கீறல் இருப்பின் கழுவி மருந்திடுங்கள். கோலையும் அவ்வாறே நன்னீரிற் கழுவுங்கள். உப்பு, வளையங்களையும் றீலையும் சிறிது சிறிதாக அரிக்கும். கோலை வெயிலில் சாத்தி வையாது, நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.

அந்தப் பன்னிரண்டு அடிக் கோல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெரியவர் சில நாள் தயங்கினார். அன்போடு அனுப்பியதை உதவாது என்று சொல்வது எப்படி? சொல்லாது விட்டால் பிள்ளை அடுத்த ஆண்டும் அவ்வாறே ஒன்றை அனுப்புவானே! முடிவில் தொலைபேசியில் உள்ளதை உள்ளவாறே சொன்னார். “மருமகன், நீ அனுப்பியது பெரிய கடலுக்கு உரிய கோல். மாமா இருப்பது சிறிய கடலில்” என்றார். மறுமுனையில் சிறிது மௌனம், பின்னர் சிரிப்பு. இப்பொழுது அந்தக் கோல் வெளிக்கடற்கரையில், பெரிய பாரைக்கு எறியும் இளைஞர் ஒருவரிடம் இருக்கிறது. அவர் கையில் அது நன்றாகவே வளைகிறது. பாரை கிடைக்கும் நாளில் ஒரு துண்டு பெரியவர் வீட்டுக்கும் வருகிறது.

ஆகவே நேயர்களே, கோலிற் கெட்ட கோல் என்று ஒன்று அரிது. இடம் மாறிய கோல்களே மிகுதி. அடுத்த முறை கடையில் நிற்கும்போது, இது எவ்வளவு பெரிய மீனைத் தூக்கும் என்று கேளாதீர்கள். நான் நாடிப் போகும் சிறு மீன் தொடும்போது இது எனக்குச் சொல்லுமா என்று கேளுங்கள். சொல்லும் கோலைத் தெரிந்தெடுங்கள். உங்கள் வீட்டிலும், விரல் மரத்து, தூண்டிலை ஒதுக்கி வைத்துவிட்டு வாசற்படியில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், ஒரு மாலைப்பொழுதில் மெல்லிய கோல் ஒன்றை அவருடைய முன்கையில் அணைத்துக் கொடுத்து, நுனியை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.